தெப்பக்குளத்தில் ஏறிய ஆறு

எனக்குப் பேய், பிசாசு, காத்து கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் எவளாவது தலையை விரித்துப் போட்டுச் சாமியாடினால், அவளுக்கு நாலு நாள் தறிக்கு நூல் சுற்றுகிற வேலையைக் கொடுங்கள், எல்லாம் இறங்கிவிடும் என்று வாய்த்துடுக்காகப் பேசியவள் நான். நீங்கள் சிரிப்பீர்கள் என்றும் தெரியும். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் கல்யாணமான ஏழாம் மாதம் ரங்கூனுக்குப் போனார். அங்கே ஆற்றில் நிற்கிற கப்பலுக்குப் படகில் அரிசி மூட்டை கொண்டுபோய் ஏற்றுகிற வேலை. மாதம் ஒரு கடிதம் வரும், எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு, எழுத்துக்கூட்டி நானே வாசித்துவிடுவேன். ஒரு கடிதத்தில், இந்த ஆறு மஞ்சளாக ஓடும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும், படித்துறையில் சும்மா உட்கார்ந்திருந்தால் தண்ணீர் தானாக வந்து காலைத் தொடும், நீ வந்ததும் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தார். நான் நம்பவில்லை. சங்கரன்கோவிலில் ஒரு குடம் தண்ணீருக்கு நாம்தான் நடக்க வேண்டும், எந்த ஊரில் தண்ணீர் நம்மைத் தேடி வரும்? யாரிடம் கதை அளக்கிறீர்கள் என்று பதில் போட்டேன். அதுதான் நான் அவருக்கு எழுதிய கடைசி வார்த்தை.

அந்த மார்கழியில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். காடு மலையெல்லாம் நடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்களில் கடையநல்லூர் காதர் அண்ணாச்சியும் ஒருவர். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே படகுத்துறையில் வேலை பார்த்தவர்கள். உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"பிளேனு ஆத்து மேலயே வந்துச்சு தாயி. அவன் படகு நடு ஆத்துல நின்னுது. பொகை கலைஞ்சு பாத்தா படகக் காணல. நான் பொய் சொல்ல மாட்டேன், அவனப் பொணமாவும் நான் பாக்கல."

அந்தக் கடைசி வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன்.

ரங்கூனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் எங்கள் ஊரிலும் ஏழெட்டு உண்டு. வருஷா வருஷம் மார்கழியில் அந்த நாள், குண்டு விழுந்த அதே காலை நேரத்துக்குத் தெப்பக்குளத்துப் படித்துறையில் கூடுவார்கள். அந்த ஆற்றில் செத்தவர்களுக்காக ஆளுக்கொரு பாக்குமட்டையில் விளக்கேற்றித் தண்ணீரில் விடுவார்கள். நானும் போவேன், ஆனால் விளக்கு விட்டதில்லை. விட்டால் அவர் போய்விட்டார் என்று நானே சொன்னதாகிவிடும்.

காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டுக் காரியம் செய்துவிடுவது வழக்கம். பன்னிரண்டும் முடிந்தது. என் கொழுந்தன் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன், அண்ணன் மேல் உயிர்.

"மைனி, அண்ணன் ஒரு வாய் தண்ணி கெடைக்காம அலையுதான். எனக்குக் கண்ண மூட முடியல. இந்த வருசம் முடிச்சிருவோம்" என்று சொல்லி அழுதார். சரி என்றேன்.

விளக்கு விடுகிற அந்த மார்கழி நாளிலேயே காரியத்தையும் வைத்தோம், அன்றைக்கு நல்ல வெயில். கார்த்திகை மழையில் குளம் பாதி நிறைந்து கிடந்தது. மற்றவர்கள் விளக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மேலே மேடையில் ஐயர் குளத்துக்கு முதுகு காட்டியும் கொழுந்தன் அவருக்கு எதிரேயும் உட்கார்ந்தார்கள். நான் தனியாகக் கீழே படியில், தண்ணீர் எனக்கு நாலு படி கீழே. பக்கத்தில் ஒரு செம்புப் பால், தாலியைக் கழற்றிப் போடுவதற்கு. ஐயர் பெயர் கேட்டார். புருஷன் பெயரை எந்தப் பொம்பளை சொல்லுவாள், நான் என் ஆயுசில் சொன்னதில்லை. கொழுந்தன்தான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

நம்பினால் நம்புங்கள், அந்தப் பெயர் காதில் விழுந்ததும் என் காலில் தண்ணீர் பட்டது. அலை இல்லை, காற்று இல்லை, குளம் மெதுவாக ஏறியிருந்தது. பாதம் முழுகி, கணுக்கால் முழுகி, சேலைக் கரை நனைந்தது. எங்கள் கரிசல் மண்ணுக்குத் தண்ணீர் கலங்கினால் கருப்பாகத்தான் கலங்கும், இது மஞ்சளாக இருந்தது. பயம் வரவில்லை. வந்துவிட்டீர்களா என்று கேட்கத் தோன்றியது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு வந்த மாதிரியே இறங்கிப் போனது.

கொழுந்தன் கண்ணைத் திறந்தபோது குளம் பழைய இடத்தில் கிடந்தது. அந்த நாலு படி மட்டும் துறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நூல் பிடித்தாற்போல் நனைந்திருந்தது.

"எவனாவது குளிச்சிட்டு ஏறியிருப்பான் மைனி" என்றார்.

நான் தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். "பால வீட்டுக்குக் கொண்டு போங்க தம்பி, பிள்ளைகளுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவருக்கு இன்னும் என் மேல் வருத்தம். அண்ணனுக்கு எள்ளுந் தண்ணீரும் இறைக்க விடாத பாவி நான்.

அந்தச் சேலையைத் துவைத்துத் துவைத்துப் பார்த்தேன், கரையில் மஞ்சள் போகவில்லை. மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் திறந்தால் கரை ஈரம். ஓடு ஒழுகுகிறதோ என்று பெட்டியை இடம் மாற்றிப் பார்த்தேன். மற்ற துணியெல்லாம் காய்ந்து கிடக்கும், அந்தக் கரை மட்டும் நாளைக்கு இரண்டு தடவை நனையும், இரண்டு தடவை காயும். அதுவும் நேற்று எட்டு மணிக்கென்றால் இன்று ஒன்பதுக்குக் கிட்ட. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காதர் அண்ணாச்சி இந்தப் பக்கம் வந்தபோது, அந்த ஆறு தினமும் ஒரே நேரத்துக்கா ஏறும் என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல தாயி, தெனமும் முக்கா மணி, ஒரு மணி தள்ளித்தான் ஏறும். எதுக்குக் கேக்க?" என்றார்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் இருக்கிறாரா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. பார்க்க ஆசையாக இருக்கிறது, அது மட்டும் தெரியும். தண்ணீர் ஏறுகிற நேரத்தில் நான் கடைக்கோ கோவிலுக்கோ போவதில்லை. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன்.