தேய்பிறையில் போட்ட வெண்டி

என் கணவருக்கும் அவருடைய அக்காவுக்கும் நிலாவைப் பற்றி ஒரு சண்டை இருந்தது. கல்யாணமாகி நான் லூனாஸுக்கு வந்ததிலிருந்து அதைக் கேட்டிருக்கிறேன். அந்த அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகும் அங்கேயே இருந்துவிட்டார். வீட்டைச் சுற்றி எதை நட்டாலும் வளர்பிறையில்தான் நடுவார். கிழங்கு மட்டும் தேய்பிறையில். என் கணவர் லோரி பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவார்.

"கடலையே இழுக்குது நிலா. செடிக்குள்ள இருக்கிற தண்ணிய இழுக்காதா?" என்பார் அண்ணி.

"கடல் எவ்ளோ பெருசுக்கா. செடிக்குள்ள ஒரு கரண்டித் தண்ணி இருக்குமா? அதப் போயி நிலா தேடிக்கிட்டா இருக்கும் லா?" என்பார் இவர்.

தீபாவளிக்கு வந்தாலும், யாராவது இறந்த வீட்டில் பார்த்துக்கொண்டாலும், கடைசியில் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். இரண்டு பேரும் ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த வருஷம் என் கணவர் அதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பொட்டலம் வெண்டி விதை வாங்கி வந்தார். சமையலறைச் சுவருக்கும் பின்பக்க லோங்காங் சாக்கடைக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு துண்டு மண் உண்டு. அதைக் கொத்தி, கயிறு கட்டி, இரண்டு வரிசையாகப் பிரித்தார். பாதி விதை வளர்பிறையில், மீதி தேய்பிறையில். ஒரே மண், ஒரே உரம், ஒரே தண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வரிசையைப் போட்டுவிட்டு, மண் கையோடு அண்ணிக்குப் போன் செய்தார். போட்டாகிவிட்டது, தேய்பிறை வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். அண்ணி அந்தப் பக்கம் சிரித்தது எனக்கும் கேட்டது.

விதை முளைத்ததை அவர் பார்த்தார். அந்த வாரத்திலேயே, பட்டறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் இருதயம் என்றார்கள். நான் போனபோது துணியால் மூடியிருந்தார்கள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. நகத்தில் கிரீஸ் இருந்தது.

வீட்டு முன்னால் கூடாரம் போட்டார்கள். பின்னால் குழாயடியில் பெரிய பெரிய குண்டான்களைக் கழுவினார்கள். வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அழுதுவிடு, அழாமல் இருந்தால் உடம்புக்கு ஆகாது என்றார்கள். நான் தலையாட்டினேன். அழுகை வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது. தொட்டால் தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான்.

கருமாதி முடிந்ததும் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். என் இடத்தில் நின்றேன். எனக்கு முன்னால் கையுறைகள் வந்துகொண்டே இருந்தன. கிழிந்ததை எடுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து குளித்து, இருப்பதைச் சாப்பிட்டுப் படுத்தேன்.

ஒரு நாள் காலை மிளகாய் எடுக்க ஐஸ்பெட்டியைத் திறந்தபோது கதவுத் தட்டில் அந்த விதைப் பொட்டலம் இருந்தது. வாயை மடித்து ரப்பர் போட்டிருந்தார். சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். தேய்பிறை. அவர்மேல் இருந்த அன்பினால் அதை விதைத்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அப்போது அவரை நான் நினைக்கவே இல்லை. பொட்டலம் அங்கே இருக்க வேண்டாம் என்று மட்டும் தோன்றியது. பின்னால் போய் காலியாகக் கிடந்த வரிசையில் விதைகளை ஊன்றி, குழாயைத் திறந்துவிட்டேன்.

அண்ணி அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். தம்பி போனதிலிருந்து முடிந்தபோதெல்லாம் வருவார். நேராகப் பின்பக்கம் போய், ஈரமாக இருந்த இரண்டாவது வரிசையைப் பார்த்தார்.

"யாரு போட்டா?"

"நான்தான் அண்ணி."

எப்போது என்று கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்து, அந்த மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்தார். நிலாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

செடிகள் வளர்ந்தன. முதல் வரிசை தண்டு பருத்து, இலை அகலமாக வந்தது. இரண்டாவது வரிசையில் சில விதை முளைக்கவே இல்லை. முளைத்ததும் மெலிவாக இருந்தது. முந்தி போட்டது முந்தித்தானே வளரும் என்று சொல்லலாம். ஆனால் முதல் வரிசை அதே வயதில் இதைவிட நன்றாக இருந்தது என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. காரணமும் எனக்குத் தெரியும். சாவு வீட்டில் குண்டான் கழுவிய தண்ணீரெல்லாம், சோறும் பருப்புமாக, முதல் வரிசையில்தான் பாய்ந்தது. இரண்டாவது வரிசை முளைத்த சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக ஜிங் தகரக் கூரை இறக்கினார். மதியத்துக்குமேல் அதன் நிழல் முழுவதும் எங்கள் பக்கம் விழுந்தது. என் கணவர் இருந்திருந்தால், இது செல்லாது, மறுபடியும் முதலிலிருந்து போடு என்றிருப்பார். அவர் சொல்லும் விதம்கூட எனக்குத் தெரியும். அதை நினைத்தபோதும் உள்ளே எதுவும் அசையவில்லை.

இரண்டு வரிசையும் காய்த்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி வருவதற்குள் பறித்துவிட்டேன். முதல் வரிசைக் காய் ஒரு பேசனில், இரண்டாவது இன்னொன்றில். பார்த்தாலே தெரியும். முதல் பேசன் நிறைந்திருந்தது, காயும் நீளம். மற்றதில் அடி மறையும் அளவுக்குத்தான் இருந்தது.

அண்ணி இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு. தம்பி சொன்னதுதான் சரி. நிலாவுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்படி இல்லை அண்ணி, முதல் வரிசைதான் நன்றாக வந்திருக்கிறது, அதற்கும் நிலா காரணமில்லை, கழனித் தண்ணீரும் கூரை நிழலும்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். "ஆமா அண்ணி" என்றேன்.

அவர் சின்னக் குவியலைப் பெரிய பேசனில் கொட்டி, கையால் கலந்துவிட்டார். கலந்துகொண்டே அழ ஆரம்பித்தார். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தேன். எனக்கும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

பிறகு நெத்திலி போட்டு வெண்டிக்காயை வதக்கினோம். உப்பு போதுமா என்று அண்ணி கேட்டபோது பாதிச் சோறு உள்ளே போயிருந்தது, நான் ருசியைக் கவனிக்கவே இல்லை. இன்னொரு வாய் எடுத்து மென்று பார்த்தேன். கொஞ்சம் குறைவு என்றேன். அவர் எழுந்து போய் உப்பு எடுத்து வந்தார்.

சாயங்காலம் பஸ் நிற்கும் இடம்வரை கூடப் போனேன். காய்ப்பு நின்றதும் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது போடு, மண்ணைச் சும்மா விடாதே என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"எப்ப போடறது அண்ணி?" என்று கேட்டேன்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"உனக்கு எப்ப வேலை இல்லையோ, அப்பப் போடு லா" என்றார்.

பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.