அணுக் கழிவின் வாசலில் வெறுங்காலோடு

காலை 7.40. புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது, சிதம்பரத்தில் ஓதத் தொடங்கிய பதிகங்களில் இன்னும் இரண்டு மீதமிருந்தன. நடைமேடையின் ஓரமாக நின்று அவற்றை ஓதி முடித்தேன். அறுபத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் எழுபது ரூபாய், சன்னலோர இருக்கை. குறையொன்றும் இல்லை.

என் மகள் பூங்கோதை கருவடிக்குப்பத்துப் பக்கம் உள்ள ஒரு பயிற்சி மையத்தில் அணுமின் நிலைய இயக்கம் பயில்கிறாள். உலையில் தொடங்கிக் கழிவைப் பத்திரப்படுத்துவது வரை ஓராண்டுப் படிப்பு. அன்று இறுதிச் செய்முறைத் தேர்வு. ஒவ்வொரு மாணவரும் ஐந்து பார்வையாளர்களை மாதிரிக் கூடத்துக்குள் அழைத்துச் சென்று வெளியே கொண்டுவர வேண்டும். உள்ளே பார்வையாளர் யாரேனும் தவறு செய்தால் அதை அந்த மாணவரே கண்டு, அங்கேயே சரிசெய்ய வேண்டும். கவனியாமல் விட்டால் தேர்ச்சி இல்லை. ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அவளுக்கென்று வைத்திருக்கும் கல்பாக்கத்து வேலையும் வேறொருவருக்குப் போய்விடும். பார்வையாளர்களாக வரும்படி குடும்பத்தாரைத்தான் அழைத்திருந்தார்கள்.

ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் வைத்திக்குப்பத்துக்காரர்.

"பொண்ணு என்னா படிக்குது ஐயா?"

"அணு உலை. குறிப்பாக அதன் கழிவு."

"கழிவுக்குன்னே ஒரு படிப்பா! எங்க குப்பத்துல மீன் கழிவ எங்க கொட்றதுன்னு தெனம் சண்ட. படிச்சி முடிச்சதும் பாப்பாவ அந்தப் பக்கம் ஒரு நட அனுப்பி வைங்க."

9.15. கூடத்தின் வாயிலில் தேர்வாளர் நின்றிருந்தார். பிரான்சு நாட்டு மின்நிலையங்களில் முப்பது ஆண்டு பணியாற்றி, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். மாணவர்கள் அவரைப் பிரெஞ்சு வழக்கில் 'முசியே', அதாவது 'ஐயா', என்றே அழைக்கிறார்கள். என்னோடு வந்த பார்வையாளர்களுள் ஒருவர் வீராம்பட்டினத்து அஞ்சலையம்மாள். மீன் விற்பவர், அவர் மகனும் இங்கே மாணவன்.

பூங்கோதை நிதானமாக விளக்கினாள். எரிபொருள் கோல்களின் வெப்பம் நீரைக் கொதிக்க வைக்கிறது, நீராவி சுழலியை ஓட்டுகிறது, மின்சாரம் பிறக்கிறது. எரிந்து தீர்ந்த கோல்களை ஆழமான நீர்த்தொட்டியில் பல ஆண்டுகள் ஆற வைக்கிறார்கள். பின்னர் பிரித்தெடுக்கும் கழிவைக் கண்ணாடிக் குழம்போடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலத்தில் ஊற்றி மூடிக் காக்கிறார்கள். இன்னும் பிறவாத தலைமுறைகளும் அதைக் காவல் காக்க வேண்டுமாம். கேட்டபோது என் உள்ளம் கனிந்தது.

அடுத்தது கழிவு வைப்பறையின் மாதிரி. நுழைவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு நீண்ட பலகை. அதில் அமர்ந்து, செருப்பின்மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டி, காலைத் தூக்கி அப்பால் வைக்க வேண்டும். உண்மைக் கழிவு எதுவும் அங்கில்லை. கண்ணுக்குத் தெரியாத நச்சுத் தூசிக்கு மாற்றாக, ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் ஒரு பொடியைத் தரையில் தூவியிருந்தார்கள்.

நான் கடைசியாக வந்தேன். உள்ளே குளிர்ந்த அரையிருள். தொலைவில், ஒற்றை விளக்கின் கீழே, எஃகுக் கலம் ஒன்று தனியே நின்றது. என் கால்கள் அறுபது ஆண்டுகளாகப் பழகியதைச் செய்தன. செருப்புகளைப் பலகைக்கு இப்பாலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே நான்கடி வைத்துவிட்டேன். கைகளும் குவிந்திருந்தன.

"நில்லுங்க! கால எடுக்காதீங்க!"

பூங்கோதைதான். வீட்டில் நான் கேட்டறியாத குரல்.

"அம்மா, நான்தான்…"

"யாரா இருந்தாலும் நில்லுங்க."

அஞ்சலையம்மாள் சிரித்துவிட்டார். "அதுக்குள்ள என்னா சாமியா ஒக்காந்துருக்குது ஐயா, செருப்ப அவுத்துட்டீங்க?"

சிரிப்பு அடங்கியதும் அச்சம் என்னைப் பற்றிக்கொண்டது. ஓராண்டு உழைப்பை என் நான்கடியால் கெடுத்துவிட்டேனோ? முசியே முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை, எழுதிக்கொண்டே இருந்தார். பூங்கோதை ஊதா விளக்கை ஏற்றினாள். என் பாதங்கள் பச்சையாய் ஒளிர்ந்தன. என்னைப் பலகையில் அமர்த்தி, கையுறை அணிந்து, ஈரத்தாளால் விரலிடுக்குகள் வரை துடைத்தாள். துடைத்த தாள் ஒவ்வொன்றும் மஞ்சள் பையில் விழுந்தது. திரும்பவும் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள், மீண்டும் துடைத்தாள். பண்டிகை நாட்களில் அந்தப் பாதங்களைத் தொட்டு வணங்குபவள், அன்று ஒருமுறைகூட நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின.

10.30. நடந்ததை ஒரு படிவத்தில் பதிய வேண்டும். 'காரணம்' என்ற கட்டத்தில் அவள் பேனா நின்றது.

"கவனக்குறைவு என்று எழுதிவிடு."

"அது இல்லப்பா. இதுல பொய் எழுதக் கூடாது." 'கோயிலுக்குள் நுழைவதுபோல் நுழைந்தார்' என்று எழுதினாள். நான் கீழே கையொப்பமிட்டேன்.

முசியே படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார். "முப்பது வருஷத்துல இந்தக் காரணத்த நான் பாத்ததே இல்ல. ஆனா இதான் உண்ம. அப்பான்னு விட்டுடுவியோன்னு பாத்தேன், விடல நீ. த்ரே பியேன்!" மிக நன்று என்று பொருளாம். தேர்ச்சி.

பூங்கோதை அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "பயந்துட்டேம்பா" என்றாள்.

முசியே என் பக்கம் திரும்பினார். "இந்த ஊருல நாளைக்கு இன்னொருத்தரும் இதையே செய்வாரு. ஒரு போர்டு வெச்சிடுவோம். தமிழ் படிச்சவரு, நீங்களே எழுதிக் குடுங்க."

'பாதரட்சை களையாது, உறையணிந்து உட்புகுக' என்று எழுதிக் கொடுத்தேன்.

"அப்பா, இத அஞ்சலையம்மா படிச்சிட்டுப் போகணும்" என்றாள் மகள்.

அடித்துவிட்டு எழுதினேன்: 'செருப்பைக் கழற்றாதீர்கள். அதன்மேல் உறை மாட்டுங்கள்.' நான் இருக்கும்போதே அதை நுழைவுப் பலகையில் ஒட்டினார்கள்.

மாலை 4.50 பேருந்தில் ஊர் திரும்பினேன். எங்கள் தெருக் கோயில் வாயிலில் 'காலணிகளை இங்கே விடுக' என்ற பலகை இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் அதை எழுதியவனும் நானே. அன்று அதை எழுதும்போது என் மனத்தில் ஐயம் இருந்ததில்லை. இன்று கருவடிக்குப்பத்தில் அதற்கு நேர்மாறாக எழுதியபோதும் இல்லை.