ரத்தம் வராத அடி

கோப்பித் தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவனுக்கு நோயாளியைப் பார்ப்பது பாதி வேலை. அந்த நோயாளிக்கு ஒன்றுமே இல்லை என்று சாதிக்கிறவர்களோடு மல்லுக்கு நிற்பது மீதி. மருந்துப் போத்தலும் கையுமாய் மலை ஏறி இறங்கிச் சாகும் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா!

சமமான தரை

எங்கள் ஹேவாஹெட்ட மலைச் சரிவில் சமமான நிலம் ஏது? அதனால் கங்காணி ஞாயிற்றுக்கிழமைச் சடுகுடுவைக் கோப்பி காயப்போடும் களத்தில் வைத்தார். சாந்து பூசி இறுக்கிய தரை, பாறைதான். எங்கள் கட்சியின் சூரன் முத்தையாவை நாலு பேர் பிடித்து அமுக்கியதில் பின்மண்டை ணங்கென்று மோதியது. கொஞ்ச நேரம் கண்ணே திறக்கவில்லை. பிறகு எழுந்து, நேரே எதிர்க்கட்சிக்காரர்களோடு போய் நின்றுகொண்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் அவனிடம் ஓடினேன்.

“எப்படிடா விழுந்தே?” என்று கேட்டால், “யாரு விழுந்தா?” என்கிறான். அடுத்த நிமிஷம் வாந்தி. தலைக்குள்ளே அடி பட்டிருக்கிறது, இவன் இனி ஆடக்கூடாது என்று கத்தினேன். கங்காணிக்கு வந்ததே கோபம்!

“ஒரு சொட்டு ரத்தம் வரல, இதுக்குப் போயி ஆளை வெளியே எடுக்கச் சொல்றீங்களே ஐயா!”

பெரட்டு

மறுநாள் காலை, ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில் முத்தையாவும் நிற்கிறான். வெளிச்சம் பட்டால் கண்ணை மூடுகிறான், கால் தள்ளாடுகிறது. கங்காணி கூப்பிட்டார், அவன் “இருக்கேங்க” என்றான், தலை சரியாகிவிட்டதாம்! தூங்குகிற மாடுகூடப் பேர் சொன்னால் காதை ஆட்டும். நேற்று என்ன கிழமை என்று நான் கேட்டேன். திருதிருவென்று முழித்தான்.

சண்டை போட்டு அவனைக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு அனுப்பினேன். மறுபடி வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழும்பாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ ஓடி வந்து சொல் என்று அவன் பெண்சாதி செல்லாயியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

“இவரை நான் பாத்துக்கறேங்க ஐயா, கங்காணியை யாரு பாத்துக்கறது?”

இன்னொரு தலை

அதே வாரம் தோட்டத்துத் துரை குதிரையிலிருந்து விழுந்தார். அவருக்கும் ரத்தம் இல்லை. கொஞ்சம் மயக்கம், கொஞ்சம் வாந்தி. கண்டியிலிருந்து டாக்டர் வந்தார். பங்களா ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டார்கள். நாய்களைத் தூரக் கட்டினார்கள். பெரட்டுக் கொம்புகூட ஊதவில்லை. டாக்டர் உத்தரவு, தலைவலி முழுசாய் விட்ட பிறகுதான் நடக்கலாம். நடந்து சுகமென்றால் மெல்லக் குதிரை. அதுவும் சுகமென்றால்தான் ஓட்டம். நடுவில் வலி வந்தால் மறுபடி படுக்கை. பொன்னான யோசனை! இதையேதானே நான் தொண்டை வற்றக் கத்தினேன்?

கங்காணி பங்களாப் பக்கம் பூனை மாதிரி நடந்தார். ஏன் என்று நான் கேட்டதற்குச் சொன்னார்:

“தொரை தலைங்க, சும்மாவா?”

பந்தயம்

அடுத்த ஞாயிறு பக்கத்துத் தோட்டத்தோடு பந்தயம். முத்தையாவுக்கு இன்னும் தலை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டுதான் இருந்தது. கங்காணி லயத்துக்கே வந்துவிட்டார். இன்னொரு அடி பட்டால் பிணம்தான் விழும் என்று நான் சொல்கிறேன், மனிதர் காதில் வாங்கினால்தானே? முத்தையாவும் மானப் பிரச்சினை என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான், மடையன்.

செல்லாயி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

“தொரை என்னைக்குக் குதிரை ஏறுறாரோ, அன்னைக்கு இவரு ஆட வருவாரு, கங்காணியாரே.”

துரைக்கும் ரத்தம் வராத அடிதானே. அந்த அடி ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வருமா? கங்காணி திரும்பிப் போனார். துரை ஒரு மாதம் கழித்துத்தான் குதிரை ஏறினார். முத்தையாவும் அதுவரை படிப்படியாய்த் தேறி, பிறகு சரிவாயிருந்தாலும் புல்தரையில் ஆடினான்.

ஆக, கோப்பித் தோட்டத்தில் ஒரு கூலிக்காரன் தலைக்கு ஓய்வு கிடைக்க வேண்டுமானால், அதே வாரத்தில் துரையும் விழுந்து தொலைக்க வேண்டும்.