சொம்பில் சாய்த்து வைத்த முகம்

நடந்தவற்றுக்கு எண் போட்டு எழுதிவைப்பது வேலையில் எனக்கு வந்த பழக்கம். சித்தப்பாவைப் பற்றியும் அப்படித்தான் தொடங்க முடிகிறது.

1. எங்கள் ஊர்க் கடற்கரையில் இருக்கும் அணுமின் நிலையத்துக்கு வயதாகிவிட்டது. அதை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.
2. மூடச் சொல்லி ஊர் பந்தல் போட்டு உட்கார்ந்தது. தலைக்கட்டுக்கு ஓர் ஆள், முறை வைத்து.
3. ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை முறை. ஆளுக்குப் பதில் நாற்காலியில் போன் உட்காரும்.
4. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து உட்கார்ந்தார்.
5. யாரோ அதைப் படம் எடுத்துப் பரப்பினார்கள்.
6. படத்தைப் பார்த்த சம்பந்தி வீட்டார், சித்தப்பாவின் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்ப மறுத்தார்கள்.

இதற்குப் பின் நடந்ததற்கு எண் போட மனம் வரவில்லை.

சித்தப்பா என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் பார்த்தது. அதன்மேல் ஓர் எவர்சில்வர் சொம்பு, காற்றில் சாயாமல் இருக்க நிறையத் தண்ணீருடன். சொம்பில் சாய்த்து வைத்த போனுக்குள் சித்தப்பாவின் முகம். உப்புக்காற்றில் திரை மங்கும்போதெல்லாம் சித்தி முந்தானையால் துடைத்துவிடுவார், சாப்பிட்ட குழந்தைக்கு வாய் துடைப்பதுபோல. சித்தி நாள் தவறாமல் பந்தலில் இருந்தவர். ஆனால் எங்கள் ஊரில் தலைக்கட்டு என்றால் ஆண்கள்தான். பெண் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அந்த வீட்டின் முறை கழியாது. போன் உட்கார்ந்தால் கழிந்துவிடும். அதில் தெரிவது ஆணின் முகம் அல்லவா.

இந்தப் பக்கம், லிட்டில் இந்தியாவின் புல்வெளியில், சித்தப்பா தன் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்துச் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பார். ஷிப்யார்டில் சாரம் கட்டும் வேலை அவருக்கு. ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அன்று சலவைச் சட்டை போட்டு, தலையை நீவி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல வருவார். நானும் சிங்கப்பூரில்தான், சுவா சூ காங்கில் வாடகை அறையில் இருந்தேன். ரயில் பிடித்து வந்து அவரோடு சாப்பிட்டுவிட்டு, முறை முடியும்வரை பக்கத்தில் இருப்பேன்.

இங்கே கூட்டம் கூடக் கூடாது, கோஷம் போடக் கூடாது என்பதில் அவருக்கு மிகுந்த பயம். பந்தலில் கோஷம் தொடங்கியதும் மைக்கை அணைத்துவிடுவார். ஆனால் உதடு மட்டும் கூடவே அசையும். ஊரில் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"சிங்கப்பூர்க்காரன பாருடா, வலையில ஏறுன மீனு மாதிரி வாய மட்டும் தொறந்து தொறந்து மூடுறான்!"

சித்தப்பா மைக்கைப் போட்டு, "மீனுக்கு மட்டும் வேலை பர்மிட் போயிரும்னு பயம் இருந்திருந்தா ஒருத்தன் வலையிலயும் சிக்கியிருக்காது" என்பார். பந்தலே சிரிக்கும்.

புல்வெளிக்கு எதிரே தே தாரிக் என்னும் ஆற்றிய பால்தேநீர் போடும் அக்கா சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வாரம் தவறாமல் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கேட்டார்: "அங்கிள், உங்க ஊர்ல கேஸ் முடியவே முடியாதா லா? நீங்க இங்க உக்காந்து வாய் அசைச்சா அங்க ஸ்விட்ச் ஆஃப் ஆயிடுமா?"

"ஆகாதும்மா. ஆனா நாற்காலி காலியா இருந்தா, இந்த வீட்டுக்காரனுக்குச் சம்மதம்னு ஆயிடும்ல?"

அக்கா அவருடைய தேநீரில் மட்டும் சீனியைக் கூட்டிப்போட்டுக் கொடுத்தார்.

ஊர்க் கடற்கரையில் சித்தப்பா ஒரு வீடு கட்டியிருந்தார். அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்தது நான். ஓர் அறையைப் பற்றி மட்டும் அவர் திரும்பத் திரும்பப் பேசினார். மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து தங்கும் அறை. அணு உலை இருக்கும் திசையில் ஜன்னல் வேண்டாம் என்றார். காற்று அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது என்றேன். "காத்து இல்லேன்னா ஃபேன் போட்டுக்கலாம் பாப்பா. கண்ணு முழிச்சதும் அது தெரிய வேணாம்." கூரையில் தொட்டில் கட்டக் கொக்கி வைக்கச் சொன்னார். அப்போது மகளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

படம் வெளியானது வளைகாப்புக்குச் சற்று முன்னால். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு போன். மற்றவை உப்புப் படிந்து மங்கித் தெரிய, சித்தி துடைத்துவைத்த திரையில் சித்தப்பாவின் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அடுத்த ஞாயிறு, முறை முடிந்ததும், புல்வெளியிலேயே சம்பந்தியின் அழைப்பு வந்தது. கடற்கரையிலிருந்து தொலைவில் உள்ள ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பேச்சில் மரியாதை குறையவே இல்லை.

"சம்பந்தி, நீங்களே மூடு மூடுன்னு உக்காந்திருக்கீங்க. அங்க எங்க வீட்டுப் பிள்ளைய அனுப்புன்னா எப்படிங்க?"

"அது ஊர்க் கட்டுப்பாடுங்க. பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல."

"பயமில்லேன்னா ஏன் உக்காரறீங்க?"

சித்தப்பா போனை என் பக்கம் நீட்டியபடியே சொன்னார்: "எங்க அண்ணன் பொண்ணுங்க. இன்ஜினியர். பழைய பிளான்ட்டப் பாக்கறதுதான் அதுக்கு வேலையே. கேளுங்க." பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம், "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு பாப்பா. உன் வாயால சொன்னா நம்புவாரு."

என் வேலை எண்ணெய் ஆலைகளின் பழைய குழாய்களைப் பார்ப்பது. சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, இன்னும் ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா என்று எழுதிக் கொடுப்பேன். அளக்காத சுவருக்குக் கையெழுத்துப் போடுவதில்லை.

"மாமா, பிரசவத்துக்கு வர்ற பொண்ணுக்கு அதனால ஆபத்துன்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல. ஆனா உள்ள எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பிளான்ட்காரங்க ரிப்போர்ட்டப் பாக்காம என்னால சொல்ல முடியாது."

"அப்ப உனக்கும் தெரியாது."

"தெரியாது மாமா."

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

இன்று கேட்டாலும் இதையேதான் சொல்வேன். சித்தப்பாவும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. போத்தலில் மீதமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "பந்தல்ல நாம கேக்குறதும் இதானே. எங்களுக்குத் தெரியாது, எடுத்துக் காட்டுங்க, காட்ட முடியலேன்னா மூடுங்கன்னு. அந்த 'தெரியாது' இன்னிக்கு நம்ம வீட்டு வாசல்லயே வந்து நிக்குது பாரு."

அதன்பின் அவர் உட்காரவில்லை. இரண்டு ஞாயிறு சித்தி சொம்பை மட்டும் நாற்காலியில் வைத்துப் பார்த்தார். மூன்றாவது ஞாயிறு நாற்காலியை வேறு வீட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சிங்கப்பூர்க்காரன் விலை போய்விட்டான் என்று ஊரில் பேச்சு வந்தது. சித்தி பந்தலுக்குப் போனால் பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இதையெல்லாம் தாங்கிக்கொண்டு, தான் விலகிவிட்டதைச் சம்பந்தியிடம் சித்தப்பாவே போன் செய்து சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க எழுந்துட்டீங்க, சரிங்க. உலை எழுந்து போயிடுச்சா?" என்றார்.

வளைகாப்பு சம்பந்தி வீட்டிலேயே நடந்தது. வளையல் அடுக்கிய கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு வர வேண்டிய சித்தி, தனியாகப் பேருந்தில் திரும்பினார். குழந்தை அங்கேயே ஒரு மருத்துவமனையில் பிறந்தது. பெண் குழந்தை. அந்த ஞாயிறு சித்தப்பா புல்வெளியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். தே தாரிக் அக்கா, "அங்கிள், தாத்தா ஆயிட்டீங்க லா! பேத்தி ஊருக்கு வந்தாச்சா?" என்று கேட்டார். சித்தப்பாவின் உதடு அசைந்தது. மைக்கை அணைத்ததுபோல், சத்தம் வரவில்லை.

ஒப்பந்தம் முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். சென்ற விடுப்பில் போய்ப் பார்த்தேன். பந்தலின் கீற்று பாதி பறந்துவிட்டது. முறை வைப்பதை ஊர் நிறுத்திவிட்டது. வெளிநாட்டு நாற்காலிகள் இல்லை. சில கிழவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூட வேண்டும் என்ற பேனர் வெளுத்து, எழுத்து பின்பக்கம்தான் கொஞ்சம் படிக்கும்படி இருந்தது. சித்தப்பா தினமும் அங்கே போய் உட்கார்கிறார். யாரும் வா என்பதில்லை, போ என்பதுமில்லை. ஜன்னலைத் திருப்பி வைத்த அறையில் புழுக்கம் தாங்க முடியவில்லை. தொட்டில் கொக்கியில் வாழைத்தார் தொங்கியது.

சாயங்காலம் சித்தி கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, சொம்பில் தண்ணீர் நிரப்பி வைத்தார். அதில் போனைச் சாய்த்து, முந்தானையால் துடைத்தார். திரையில் பேத்தி வந்தாள். தலை நின்றுவிட்டது, பல் வரவில்லை. சித்தப்பா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் வாய் திறந்து திறந்து மூடியது. அந்தப் பக்கம் மைக் அணைந்திருந்தது.

உலை ஓடுகிறது. பேத்தி அந்த வீட்டுக்கு இன்னும் வரவில்லை.