எல்லாத்தையும் அனுப்பின ஒரு வரி

டேட்டாபேஸில கிடக்கிறதை எடுத்து, கேட்டவருக்கு விளங்கிற மாதிரி அடுக்கிக் குடுக்கிறது எங்கட தொழில். கேட்டவர் ஆரெண்டு பாக்கிறது எங்கட வேலையில்லை எண்டு நாங்களே ஒரு முடிவுக்கு வந்திருப்பம். கொம்பியூட்டருக்கு ஸ்கிரிப்ட் எழுதிச் சீவிக்கிற ஆக்களே, நான் சொல்லுறது உங்களுக்கு விளங்கும். சண்டைக் காலத்தில கொழும்பு வெள்ளவத்தையில, சாறிக்கடை ஒண்டுக்கு மேல்மாடியில இருந்த கலியாண சேவையில நான்தான் கொம்பியூட்டர்காரன்.

படிவம்

பரமேஸ்வரி அன்ரி கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜில மகன் முகுந்தனோட இருந்தவ. யாழ்ப்பாணத்தில வைச்சிருக்கப் பயந்து பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தவ, இஞ்சயும் பயம்தான். வெளிநாட்டில ஒரு பொம்பிளை சரிவந்தா முகுந்தன் தப்பீடுவான். அதை விட்டா அவவுக்கு வேற யோசினை இல்லை.

படிவத்தில விலாசம் எழுதேக்க கை நிண்டிட்டுது. கடிதம் போட மட்டும்தான், வெளியில விடமாட்டம் எண்டு நான்தான் சொன்னனான். லொட்ஜின்ர பேர், அறை நம்பர் எல்லாம் எழுதிப்போட்டு என்னைப் பாத்தா. "தம்பி, உங்களை நம்பித்தான் எழுதுறன்."

பிறகு பாப்பம்

லண்டனில இருந்த கூட்டாளி ஒருத்தர் தன்ர இணையத்தளத்தில எங்கட ஆக்களைக் காட்ட விரும்பினார். அவர் ஒரு லிங்கைத் தட்டினா, எங்கட சேர்வரில இருக்கிற ஸ்கிரிப்ட் எல்லாரின்ர பதிவையும் எக்ஸ்எம்எல்லா அனுப்பவேணும். பேருக்கு ஒரு லேபல், நட்சத்திரத்துக்கு ஒரு லேபல் எண்டு ஒட்டி அனுப்புற முறை அது. எதெது போகவேணும் எண்டு ஒவ்வொண்டா எழுதப் பஞ்சிப்பட்டு, எல்லாத்தையும் எடு எண்டு ஒரே வரியில முடிச்சன். லண்டன் பக்கத்தில பேர், வயது, படிப்பு, நட்சத்திரம் மட்டும்தான் தெரிஞ்சுது. ஆனா விலாசமும் கூடவே போச்சுது. லிங்க் தெரிஞ்ச ஆரும் அதைத் திறந்து பாக்கலாம்.

எனக்குத் தெரியும். பிறகு திருத்துவம் எண்டு விட்டிட்டன், நீங்களும் விட்டிருப்பியள். முதலாளியிட்ட ஒருக்காச் சொன்னன். அவர் தேத்தண்ணியை வைச்சிட்டுச் சிரிச்சார். "திரையில தெரியாததை ஆர் ஐசே தேடிப் பாக்கப் போகினம்?"

வத்தளைத் தகப்பன்

முந்தி வயதுகளை வருசா வருசம் கையால மாத்தவேணும்; ஒருத்தரும் மாத்திறதில்லை. என்ர ஸ்கிரிப்ட் பிறந்த திகதியைப் பாத்துத் தானே எண்ணும். அதில எனக்கு நல்ல புளுகம், பெருமையும்தான். வத்தளையில இருந்து ஒரு தகப்பன் கொதிச்சுக்கொண்டு வந்தார். எங்கட ஃபைலில மூண்டு வருசமா முப்பதில நிண்ட மகன் திடீரெண்டு முப்பத்திமூண்டாப் போனானாம். அது திகதியைப் பாத்து எண்ணுது, நான் என்ன செய்ய எண்டன். மனிசன் குரலைத் தணிச்சார். "அவனை முப்பதில நிப்பாட்டி விடுமன் தம்பி, உமக்கென்ன நட்டம்?"

பாலத்தடி

லண்டனில ஏதோ பிழை காட்டுதெண்டு, போன பதிவு முழுவதையும் பிரிண்ட் எடுத்து, கிருலப்பனையில வீட்டில வைச்சுப் பாப்பம் எண்டு கொண்டுபோனன். பாலத்தடிச் செக்பொயின்ரில பையைத் திறக்கச் சொன்னாங்கள். ஐயோ, அப்பதான் எனக்கு உறைச்சுது. பைக்குள்ள இருக்கிறது தமிழ்ப் பெடியளின்ர பேர், வயது, இருக்கிற இடம். தாள் உள்ளுக்குப் போச்சுது. என்னை மூண்டு மணித்தியாலம் மர வாங்கில இருத்தி வைச்சாங்கள். கலியாணப் பட்டியல் எண்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டிட்டுது.

கடைசியா ஒரு பொலிஸ்காரர் தாளைக் கொண்டுவந்து தந்தார். கோபம் ஒண்டுமில்லை, தம்பி எண்டு கூப்பிட்டுச் சிங்களத்தில சாதாரணமாத்தான் சொன்னார். "மல்லி, இப்பிடி ஒண்டு எங்களிட்டயும் இருக்கு, அதில நட்சத்திரம் மட்டும்தான் இல்லை."

இருபத்தியெட்டு

அடுத்த நாள் முதல் வேலையா அந்த வரியைத் திருத்தி விலாசத்தை நிப்பாட்டினன். அதுக்குள்ள விலாசங்கள் வெளியில கிடந்து இருபது நாள் போயிட்டுது. அந்த மாசமே முகுந்தனை லொட்ஜ் வாசலில வைச்சு வான் ஒண்டில ஏத்திக்கொண்டு போட்டாங்கள். லொட்ஜ்காரர் பொலிசில குடுத்த பதிவிலயும் அதே விலாசம், அதே அறை நம்பர் இருந்தது. என்ர லிங்காலதான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அதைத்தான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன், மனம் கேக்குதில்லை.

அன்ரி ஏறி இறங்காத கந்தோர் இல்லை. தை மாசம் எங்கட மாடிக்கும் வந்தா. பதிவை எடுத்துவிடட்டோ எண்டு முதலாளி பக்குவமாக் கேட்டார். அவ மகனைத் திரையில காட்டச் சொன்னா. போன கிழமை அவன்ர பிறந்தநாளாம். இருபத்தியேழு எண்டு இருந்த இடத்தில இருபத்தியெட்டு எண்டு வந்துது. அந்த இருபது நாளைப் பற்றிச் சொல்லிப்போடவேணும் எண்டு வாய்வரைக்கும் வந்துது, சொல்லேல்லை. அவ அந்த இலக்கத்தை விரலால தொட்டா. "எடுக்காதேங்கோ தம்பி, இதிலயாவது அவனுக்கு வயசு போகட்டும்."

இப்ப நான் எந்த ஸ்கிரிப்டிலயும் தேவையானதை ஒவ்வொண்டாப் பேர் சொல்லித்தான் எடுக்கிறன், சரியான கவனமான ஆள் எண்டு வேலையிடத்தில எனக்கு நல்ல பேர்.