தியாகராஜா மச்சானின் சோதனை

என் அக்காவின் கணவர் தியாகராஜா எதையும் எவரையும் நம்பமாட்டார். பால்மாப் பக்கற்றில் அச்சடித்த திகதியைக்கூட நம்பாமல், பிரித்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணீர் போட அனுமதிப்பார். கண்டியில் மாநகர சபைச் சந்தை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் ஓய்ந்தது, சந்தேகம் ஓயவில்லை.

மீன் பகுதிக்குள் அவர் நுழைந்தால் வியாபாரிகளின் முகம் சுருங்கும். கேள்வி எதுவும் கேட்கமாட்டார். பாரை மீனின் வயிற்றில் பெருவிரலால் ஓர் அமுக்கு. குழி உடனே நிமிர்ந்தால் மீன் புதியது, அப்படியே நின்றால் கூடையோடு குப்பைக்கு. "அமுக்கு ஐயா" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது அவர் காதில் விழாமல் இல்லை. உள்ளூரப் பெருமைதான். வீட்டிலும் பாண், மாம்பழம், கத்தரிக்காய் என்று எதுவும் அந்த விரலுக்குத் தப்பியதில்லை. "என்னைய மட்டும் அமுக்கிப் பாக்காமக் கட்டிட்டாரு" என்று ஞானேஸ்வரி அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு போன வருடத்தோடு நின்றது. அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் பழைய கூர்மையில் இருந்தது. ஆம் என்றால் இடது கையைத் தூக்குவாள், இல்லை என்றால் தலையை அசைப்பாள். கட்டாரில் இருக்கும் மகள் சஞ்சீவனி, வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஒரு நிலையத்தில் பேசி ஏற்பாடு செய்தாள். நான் மஹய்யாவவில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருப்பவன் என்பதால், நடந்த கூத்தெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

முதலில் வந்த பெண் வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுத்தாள். "நோயாளிய வச்சுக்கிட்டு இவளுக்கு என்ன இவ்வளவு சந்தோசம்?" என்று மச்சான் அவளைத் திருப்பி அனுப்பினார். அடுத்தவள் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள் என்பதற்காகப் போனாள். அதற்குப் பிறகு வந்தவள்தான் கிருஷாந்தி, ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இவளையும் அனுப்பினால் வேறு ஆள் தரமுடியாது என்று நிலையத்தில் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள்.

கிருஷாந்தி வந்த பிறகுதான் அக்காவின் முகத்தில் உயிர் வந்தது. பிள்ளை தலை வாரிவிட்டால் கண்ணை மூடி ரசிப்பாள். முதுகைத் துடைத்து மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்தால் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விடுவாள். இந்தப் பிள்ளையும் போய்விட்டால் அக்கா கட்டிலோடு அழுகிப்போவாள் என்று எனக்குத் தெரியும். என் மனைவிக்கு முழங்கால் வலி, என்னால் கடையை விட்டு வர இயலாது. ஆகவே மச்சான் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் குறுக்கே புகுந்து பேச்சை மாற்றுவேன்.

அவர் விடவில்லை. வந்த அன்றே பிள்ளையின் பையைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினாள், முகம்தான் இறுகிப்போனது. டவுனுக்குப் போவதாகச் சொல்லிக் குடையோடு இறங்கி, வீதி வளைவில் கொஞ்சம் நின்றுவிட்டுப் பூனை மாதிரித் திரும்பி வந்து யன்னலால் எட்டிப் பார்ப்பார். விரிப்பை மாற்றுகிறாளா என்று அறிய அதன் ஓரத்தில் நூல் முடிந்து வைப்பார். கஞ்சியில் தூக்க மாத்திரை கலக்கிறாளோ என்று ஒருநாள் மத்தியானம் அதில் ஒரு கோப்பையைத் தானே குடித்துவிட்டுக் கதிரையில் காத்திருந்தார். சற்று நேரத்தில் குறட்டை. எழுந்ததும் எனக்குத் தொலைபேசி எடுத்து, "பாத்தியா முத்து, கலந்திருக்கா!" என்றார். தினமும் மத்தியானம் தூங்குகிற மனிதர் அவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பொழுது சாயும்போது கிருஷாந்தியைப் பாண் வாங்கக் கீழ்க் கடைக்கு அனுப்புவார். அவள் படி இறங்கியதும் அக்காவின் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு தடவை அந்த நேரத்தில் போன நான் வாசலில் நிற்கவேண்டியதாயிற்று. வெளியே வந்தவரிடம் என்ன என்று கேட்டேன். "செக்கிங்" என்றார், பழைய உத்தியோக மிடுக்கோடு. விரிப்பையும் மாத்திரைப் பெட்டியையும் பார்க்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கையில் ஒரு காலை அவர் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். ஓடினேன். அக்காவின் முன்கையிலும் கெண்டைக்காலிலும் நாவற்பழத்தை நசுக்கியது போல நீலம் பாரித்த தழும்புகள். சில புதியவை, சில மஞ்சளாகி மங்கிக்கொண்டிருந்தன.

"இப்ப என்ன சொல்ற? கிள்ளுறா. ஆள் இல்லாத நேரத்துல எங்க ஞானத்தக் கிள்ளுறா" என்றார்.

எனக்கும் இரத்தம் கொதித்தது. வாயில்லாத ஜீவனை இப்படிச் செய்ய எப்படி மனம் வரும்? அறை மூலையில் நின்ற கிருஷாந்தியை முறைத்தேன். அவள் தலை குனியவில்லை. நேராக மச்சானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் பயத்தைவிட வேறு ஏதோ இருந்தது. அதையும் குற்றத்தின் அடையாளம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நிலையத்திலிருந்து மேற்பார்வைத் தாதி அன்றைக்கே வந்தார். ஜஹானா என்று பெயர், கடுகு மாதிரி சின்ன உருவம், குரல் மட்டும் கணீரென்று இருந்தது. மச்சான் எழுந்து நின்று வழக்குரைத்தார். பொலிசுக்குப் போவேன் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜஹானா சொன்னார்:

"இந்தத் தழும்பப் பத்தி எங்களுக்கு ஏற்கெனவே தெரியும் ஐயா. கிருஷாந்தி போன கிழமையே சொல்லிட்டா. பின்னேரம் கடைக்குப் போய் வந்தா, காலைல புதுசா ஒண்டு இரிக்காம்."

இவர் அவளைச் சந்தேகிக்க, அவள் இவரைச் சந்தேகித்திருக்கிறாள். யார் பக்கம் சாய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"என்ன சொல்றா இவ?" மச்சான் கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "நாப்பது வருசம் என்னோட வாழ்ந்தவ. நான் அவளுக்கு…"

ஜஹானா கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அம்மா, இது கிருஷாந்தி செஞ்சதா?" அக்கா தலையை அசைத்தாள், பலமாக. "தம்பி செஞ்சதா?" என்னைக் காட்டிக் கேட்டதற்கும் தலையசைப்பு. "ஐயாவா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கையும் எழவில்லை, தலையும் அசையவில்லை.

"பாத்தீங்களா, இல்லைன்னு சொல்லிட்டா" என்றார் மச்சான். அவள் அப்படிச் சொல்லவில்லை. அது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஜஹானா கோபப்படவில்லை. "சரி ஐயா. பின்னேரத்துல நீங்க என்ன செக் பண்றீங்க? எங்க சேவை எப்பிடின்னு நாங்களும் தெரிஞ்சுக்கணுமே. கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்."

அவர் தொழிலை ஒருவர் கேட்டுவிட்டார், விடுவாரா? முகம் மலர்ந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கட்டிலருகே வந்தார்.

"பாருங்க மிஸ். ஒழுங்காத் திருப்பிப் போட்டு, எண்ணெய் தேய்ச்சு, நேரத்துக்குச் சாப்பாடு குடுத்தா சதை உயிரோட இருக்கும். ஏமாத்தினா செத்துப்போயிரும். வாயால சொல்றத நான் நம்பமாட்டேன், இதத்தான் நம்புவேன்" என்று சொல்லிக்கொண்டே அக்காவின் முன்கையில் பெருவிரலை வைத்து, சந்தையில் மீனை அமுக்குகிற அதே அழுத்தத்தில் அமுக்கினார். "எண்ணிக்கிட்டே இருக்கணும். குழி எப்ப நிமிருதுன்னு…"

அக்காவின் முகம் கோணியது. சத்தம் வரவில்லை.

அவர் விரலை எடுத்தார். அது பதிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பழைய தழும்பு ஒன்று, அதே நீளம், அதே அகலம். மச்சான் தன் விரலைப் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். மறுபடியும் விரலைப் பார்த்தார்.

"அம்மா இரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறாங்க ஐயா" என்றார் ஜஹானா மெதுவாக. "லேசா அமுக்கினாலே உள்ளுக்குள்ள இரத்தம் கன்றிப் போயிரும்."

மச்சான் பொத்தென்று கதிரையில் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும், அணைத்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கிருஷாந்தியின் முகத்தைப் பார்க்கத்தான் கூசியது.

அவள் இதற்குள் அலுமாரியிலிருந்து தன் உடுப்புகளை எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கியிருந்தாள். அதைக் கண்டதும் அக்கா தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். பேச்சுப் போன பிறகு அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

"போகாத பிள்ள" என்றார் மச்சான். "தப்பு என் மேலதான். நீ இரு."

கிருஷாந்தி பையை மூடவில்லை, கீழே வைக்கவும் இல்லை. "இருக்கேன் ஐயா. ஆனா நான் பக்கத்துல இல்லாதப்ப நீங்க அம்மாவத் தொடக்கூடாது. கைய வைக்கிறதுன்னா எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் வைக்கணும்."

சந்தையையே ஆட்டிவைத்த மனிதரிடம், கட்டிய மனைவியைத் தொட அனுமதி கேட்கச் சொல்கிறாள் ஒரு சின்னப் பெண். அவர் எழுந்து கத்தப்போகிறார், எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. கட்டில் பக்கம் குனிந்தார். அக்கா தன்னை விட்டுக்கொடுக்கமாட்டாள் என்ற நம்பிக்கை அவர் குரலில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"நீயே சொல்லு ஞானம். இந்தப் பிள்ள சொல்றபடியா நான்…"

அவர் கேட்டு முடிக்கவில்லை. அக்காவின் இடது கை மேலே எழுந்துவிட்டது.

மச்சான் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கதிரையைக் கட்டிலிலிருந்து தள்ளிச் சுவரோரமாகப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.