பதினாலு நாள் லீவும் ஒரு சைக்கிள் மூட்டையும்

லாரிக்காரருக்குத் தன் தங்கை புருஷன் மேல் இருந்த மரியாதையெல்லாம் வாயோடு சரி. "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை" என்று வாய் சொல்லும். மனசுக்குள் அந்த ஆளுக்கு அவர் வைத்திருந்த பேர் 'பட்டியல்'.

பட்டியல் குடிநீர் ஆபீசில் மீட்டர் பிரிவு கிளார்க். பத்தொன்பது வருஷமாக ஒரே நாற்காலி. ஒரு சோப்பு வாங்கக் கடைக்குப் போனாலும் துண்டுச் சீட்டில் 'சோப்பு' என்று எழுதி எடுத்துக்கொண்டு போகிற ரகம். அப்பேர்ப்பட்டவர் நாற்பத்தாறு வயசில், சைக்கிளில் ஐந்நூறு கிலோமீட்டர் போய் ஆறு கடலில் சேர்கிற இடத்தைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினார். கிளம்பினார் என்பது தப்பு. கிளம்பப் போகிறேன், கிளம்பப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னார். வழியில் லாட்ஜில் தங்க மாட்டாராம். கூடாரம் அடித்துப் படுப்பாராம். கைக்கு அடக்கமான அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவாராம்.

லாரிக்காரர் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பதினொரு வயசில் கிளீனராக லாரி ஏறியவர். ஒன்பது வருஷம் லாரிக்கு அடியில்தான் படுக்கை. மழை பெய்தால் பின்டயர் ஓரமாக ஒண்டிக்கொள்வார். அதற்கு யாரும் 'கேம்பிங்' என்று பேர் வைக்கவில்லை. இன்றைக்கு ஆறு லாரி அவர் பேரில் ஓடுகிறது. அவர் கையால் கட்டிய லோடு ஒன்றுகூட இன்றுவரை ரோட்டில் சரிந்ததில்லை. கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்? அவருக்குப் போய் இந்தக் கூடாரக் கதையைச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்.

மூன்று வருஷம் கெஞ்சிக் கூத்தாடி, மேலதிகாரியிடம் பட்டியல் வாங்கியது பதினாலு நாள் லீவு. "ரிட்டயர் ஆகிற வரைக்கும் இனி இப்படி வந்து நிக்காதீங்க" என்று சொல்லித்தான் அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டாராம். சைக்கிளில் போக ஐந்து நாள், ரயிலில் திரும்ப ஒரு நாள். மிச்சமெல்லாம் உபரி. யாராயிருந்தாலும் முதல் நாளே ஓடியிருப்பார்கள்.

பட்டியல் முதல் நாள் பட்டியல் எழுதினார். இரண்டாம் நாள் அதைப் படித்துவிட்டு வேறு எழுதினார். மூன்றாம் நாள் ஹாலில் கூடாரத்தை விரித்துத் தையல் ஓரமெல்லாம் பசை தடவினார். அது காய இரண்டு நாள் ஆனது. அதுவரை வீட்டில் எல்லோரும் சுவரோரமாக நடந்தார்கள். ஆறாம் நாள் சமையலறைத் தராசில் எண்பத்து மூன்று சாமானையும் ஒவ்வொன்றாக நிறுத்தார். பாரம் குறைய வேண்டுமென்று பல் தேய்க்கிற பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தார். அறுத்த கையோடு மூன்று டார்ச் லைட் எடுத்து வைத்தார்.

"அண்ணே, இந்த மனுஷன் போவாரா மாட்டாரா? எனக்குப் பைத்தியம் பிடிக்குது" என்று தங்கை போன் செய்தாள்.

"போறவன் சொல்லிட்டாம்மா போறான்? பேசாம இரு" என்றார் லாரிக்காரர்.

ஒன்பதாம் நாள் காலையில், வேடிக்கை பார்க்கலாம் என்றே போனார். அன்று விட்டால் லீவுக்குள் போய்த் திரும்ப முடியாது. அது பட்டியலுக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும்.

மூன்றாவது மாடி வீடு. லாரிக்காரர் ஏறி வந்தபோது, வீட்டிலிருந்து இறங்கும் முதல் திருப்பத்திலேயே வழி அடைத்திருந்தது. பின்னால் இரண்டு பை, முன்னால் இரண்டு பை, மேலே குறுக்கே சுருட்டிய கூடாரமும் படுக்கையும். எல்லாவற்றையும் ஹாலிலேயே சைக்கிளில் ஏற்றிக் கட்டிவிட்டுத்தான் மனுஷன் மாடிப்படி இறங்கியிருக்கிறார். ஹேண்டில் சுவரில் முட்டி நின்றது. பை கைப்பிடிக் கம்பிக்குள் செருகிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. மேல்படியில் நாலாவது மாடி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார்.

"சார், நான் கடை திறக்கணும்."

"ரெண்டே நிமிஷம் சார்."

"இதையேதான் அரை மணி நேரமா சொல்றீங்க."

லாரிக்காரர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, கடல் இந்தப் பக்கமா இருக்கு?"

பட்டியலுக்கு முகமெல்லாம் வேர்வை. "அளவு பாக்காம விட்டுட்டேன் மச்சான். எல்லாத்தையும் எழுதினேன். படிக்கட்டை எழுதல."

"பிரிச்சு இறக்குங்க."

"பிரிச்சா திரும்பக் கட்ட சாயங்காலம் ஆயிடும் மச்சான். எது எங்க போகணும்னு வரிசை இருக்கு. இன்னைக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்." குரல் உடைந்துவிட்டது. நாற்பத்தாறு வயசு ஆள், அறுத்த பிரஷ்ஷும் தானுமாய்ப் படிக்கட்டில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

லாரிக்காரருக்கு இரக்கம் வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கண்ணெதிரே ஒரு லோடு சிக்கி நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவ்வளவுதான். அதுவும் அந்தக் கட்டு! கொக்கி வைத்த ரப்பர் பட்டைகளால் கட்டியிருந்தது. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு.

"தள்ளுங்கய்யா" என்று ஒரு சத்தம் போட்டார். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, பின்னோக்கி இழுத்து சைக்கிளை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோனார். கீழே அவர் வந்து நிறுத்தியிருந்த லாரியிலிருந்து கயிறு வந்தது. பை, படுக்கை, கூடாரம் எல்லாவற்றையும் சைக்கிள் சட்டத்தோடு சேர்த்துச் சுற்றி, முழங்காலை ஊன்றி இழுத்து இறுக்கி, தன் முடிச்சைப் போட்டார். இன்னொரு கயிற்றை சைக்கிளில் கட்டி, பால்கனித் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"அண்ணே, கீழ விழுந்தா?" என்றாள் தங்கை.

"யாரு கட்டினதுன்னு பாத்துட்டுப் பேசு."

மூட்டையும் முடிச்சுமாக சைக்கிள் அந்தரத்தில் தொங்கி, ஆடாமல் அசையாமல், ஒவ்வொரு மாடி ஜன்னலாகக் கடந்து இறங்கியது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப் போட்டவர்கள் கையில் ஈரத்துணியோடு நின்றார்கள். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. சைக்கிள் மணி கிணுங்கிய சத்தம்கூட இல்லை.

கீழே வந்து தொங்கவிட்ட கயிற்றை மட்டும் அவிழ்த்தார். "இந்தக் கட்டு அப்படியே இருக்கட்டும் மாப்பிள்ளை. உங்க ரப்பர் பட்டை பத்துக் கிலோமீட்டர் தாங்காது."

பட்டியல் ஏறி மிதித்தார். முனை திரும்பும்வரை பாம்பு மாதிரி நெளிந்துகொண்டே போனார். போய்விட்டார். "நாளைக்குச் சாயங்காலம் திரும்பி வந்துடுவாரு, சோறு வச்சிரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு லாரிக்காரரும் போனார்.

வரவில்லை. லீவின் பதிமூன்றாம் நாள் பகலில், வீட்டுக்கு வந்த அண்ணனிடம் தங்கை போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கலங்கிய ஆறு, பின்னால் கடல், நடுவில் முகம் கறுத்து, உதடு வெடித்து பட்டியல். பக்கத்தில் சைக்கிள். லாரிக்காரர் ஆற்றையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் கயிற்றைப் பார்த்தார். போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது.

உடனே போன் போட்டார். "மாப்பிள்ளை, கூடாரம் அடிச்சீங்களா?"

"முதல் நாளே மழை பிடிச்சிருச்சு மச்சான். நனைஞ்சு இறுகிப் போச்சு. எவ்வளவோ பாத்தேன், அவிழல. கத்தியும் பைக்குள்ளயே மாட்டிக்கிச்சு."

"அப்ப எங்க படுத்தீங்க?"

"பெட்ரோல் பங்குல. ஒருநாள் பஸ் ஸ்டாண்டு. நேத்து ஒரு லாரிக்கு அடியில."

லாரிக்காரர் சிரித்த சிரிப்பில் தங்கை அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். எண்பத்து மூன்று சாமான்! தராசில் நிறுத்து, அறுத்து, பசை தடவி! சட்டைப்பையில் இருந்த சில்லறையும் போனும் தவிர ஒன்றைக்கூடத் தொடாமல் ஆள் கடல் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"வழியில யார்கிட்டயாவது அரிவாள் வாங்கி அறுத்திருக்கலாமே, அதுக்குக்கூடவா புத்தி இல்ல?"

"ஒருத்தர் கொண்டுவந்து குடுத்தாரு மச்சான். உங்க கட்டு. அறுக்க மனசு வரல."

லாரிக்காரர் தங்கையின் போனில் அந்த முடிச்சை இன்னொரு தரம் பார்த்தார். "அறுத்திருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி. அங்கேயே இருங்க, நம்ம வண்டி ஒண்ணு அந்தப் பக்கம் லோடு இறக்க வருது, டிரைவர் வந்து அவிழ்ப்பான். நீங்க அதுல கை வைக்காதீங்க."